ஐஸ் டான்ஸ்: தாவாமல் ஜெயிக்கும் ஆட்டமும் அதில் ஒரு வீரரின் பாதையும்

சனிக்கிழமை காலையில் கோலாலம்பூர்ப் பக்கத்துப் பேரங்காடியின் செயற்கைப் பனித்தளம், அதாவது ரிங்க், ஒன்றின் சுவரோரம் நின்றால், "எங்க பிள்ளை ஐஸ் டான்ஸ் படிக்குது" என்று சொல்லும் பெற்றோர் யாராவது கண்ணில் படுவார்கள். அந்தப் பிள்ளை ரிங்கில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது தாவப் பழகிக்கொண்டிருக்கும். அது நல்ல விளையாட்டுதான். ஆனால் அதற்குப் பெயர் ஐஸ் டான்ஸ் அல்ல.

குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. மலைச்சரிவில் கட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் 'பனிச்சறுக்கு', ரிங்கில் பிளேடு பூட்டிய காலணியில் வழுக்குவதும் 'பனிச்சறுக்கு' என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இரண்டாவதை இங்கே ஸ்கேட்டிங் என்றே சொல்வோம். ஒலிம்பிக்கில் இசையோடு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் நான்கு பிரிவுகள்: ஆண்கள் தனி, பெண்கள் தனி, ஜோடி, ஐஸ் டான்ஸ். கடைசி இரண்டிலும் இருவர் ஆடுவதால் அவை ஒன்றுபோலத் தெரியும். ஜோடிப் பிரிவில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார்கள், காற்றில் வீசியெறிவார்கள், இருவரும் அடுத்தடுத்து நின்று தாவுவார்கள். ஐஸ் டான்சில் இவை எதற்கும் இடமில்லை. தூக்குபவரின் கை அவர் தலையைத் தாண்டக்கூடாது. ஒரு சுற்றுக்கு மேல் சுழன்று தாவக்கூடாது.

"அப்படியானால் எளிதுதானே" என்பதுதான் இதைப் பற்றிய பெரிய தப்புக் கணக்கு. கடினத்தைக் காற்றிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கத்தி அல்ல, கவிழ்த்த லோங்காங்

ஸ்கேட்டின் பிளேடைக் கத்தி என்று நினைப்போம். கவிழ்த்துப் பார்த்தால் அப்படி இருக்காது. சுமார் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள இரும்புப் பட்டை அது. அதன் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும். வீட்டு முன்னால் ஓடும் லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயைச் சின்னதாக்கிக் கவிழ்த்தது போல. லோங்காங்குக்கு இரண்டு கரை இருப்பது போல் பிளேடுக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு விளிம்புகள். ரிங்கில் இதை எட்ஜ் என்பார்கள்.

மோட்டாரில் போகும்போது வளைவில் கைப்பிடியைத் திருப்பி மட்டும் வளைவதில்லை, வண்டியையே சாய்க்கிறோம். ஸ்கேட்டிங்கும் அதுதான். உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு எட்ஜ் மட்டும் ஐஸில் பதிந்து, கால் தானாக வளைந்து ஓடும். சாய்வு கூடக் கூட வளைவு ஆழமாகும். ஒரு காலுக்கு உள், வெளி என்று இரண்டு எட்ஜ், முன்னோக்கி, பின்னோக்கி என்று இரண்டு திசை. ஆக நான்கு. இரு காலுக்கும் எட்டு. ஐஸ் டான்சின் நெடுங்கணக்கு மொத்தமும் இந்த எட்டு எழுத்துதான்.

சரியாகச் செய்கிறோமா என்பதை ஐஸே காட்டிக்கொடுக்கும். எட்ஜில் ஓடினால் பின்னால் ஒற்றைக் கோடு விழும். இரண்டு கரையும் சேர்ந்து பட்டால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் விழும். அதற்கு 'பிளாட்' என்று பெயர். தனி ஆட்டத்தில் ஒரு நொடி பிளாட்டில் ஓடிவிட்டுத் தாவிக் குதித்தால் பார்ப்பவர் தாவலைத்தான் நினைவில் வைப்பார். ஐஸ் டான்சில் அந்த ஒரு நொடிக்கே மதிப்பெண் போகும்.

எட்ஜிலிருந்து எட்ஜுக்கு மாறுவதுதான் திருப்பம். ஒரே காலில் நின்றபடி முன்னிருந்து பின்னுக்குத் திரும்பி எட்ஜையும் மாற்றினால் ஐஸில் '3' என்ற கோடு விழும். அது த்ரீ டர்ன். கால் மாறி, எட்ஜ் மாறாமல் திரும்பினால் மோஹாக். காலும் எட்ஜும் இரண்டுமே மாறினால் சாக்டா. இதற்கு மேல் பிராக்கெட், ராக்கர், கவுண்டர் என்று பட்டியல் நீளும். இப்போதைக்கு முதல் மூன்றும் போதும்.

ஐஸின் தன்மையும் இதில் சேர்த்தி. மேற்பரப்பில் நீர் போன்ற மிக மெல்லிய படலம் இருப்பதால்தான் வழுக்குகிறது. அதிகக் குளிரில் ஐஸ் இறுகி நொறுங்கும், எட்ஜ் பிடிக்காது. குளிர் குறைந்தால் இளகி, பிளேடு புதைந்து வேகம் சாகும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3, 4 டிகிரி வாக்கில் வைப்பது வழக்கம். ஐஸ் ஹாக்கிக்கு இன்னும் குளிர வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில், கூட்டம் நிறைந்த மதிய வேளையில், பேரங்காடி ரிங்கின் மேல்தளம், சீவிய ஐஸில் செய்யும் ஐஸ் கச்சாங் பதத்துக்கு வந்துவிடும். அதில் எட்ஜ் பழகினால் கால் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். தீவிரமாகப் பழகுகிறவர்கள் கடை திறக்கும் முன், ஐஸைப் புதிதாகச் சீவி நீர் விட்ட உடனே இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை பார்த்தது: பிளேடுக்கு இரண்டு கரை, சாய்வால் வளைவு, எட்ஜ் மாறினால் திருப்பம். ஒற்றைக் கோடு சரி, இரட்டைக் கோடு பிழை.

இனி இருவர்

கோலாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும்: தன் தாளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, எதிரில் இருப்பவர் கோலை நீட்டும் இடத்தில் நம் கோலும் இருக்க வேண்டும். அந்தக் கோலாட்டத்தை வழுக்கும் தரையில், ஒற்றைக் காலில், பின்னோக்கி ஓடிக்கொண்டே, எதிரில் இருப்பவரின் மூச்சு முகத்தில் படும் நெருக்கத்தில் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் பிணைந்து நிற்கும் முறைக்கு 'ஹோல்ட்' என்று பெயர். முகம் பார்த்து நிற்கும் வால்ட்ஸ் ஹோல்ட், பக்கத்தில் நின்று ஒரே திசை பார்க்கும் கிலியன் ஹோல்ட் என்று பல உண்டு. வால்ட்ஸ் ஹோல்டில் ஒருவர் முன்னோக்கி ஓடும்போது மற்றவர் பின்னோக்கி ஓடுவார். நான்கு பிளேடுகளும் ஒரு சாப்பாட்டு மேசையின் அடியில் அடங்கும் இடத்தில் நகரும். ஐஸ் டான்ஸ் பிளேடின் குதிகால் பக்கம் மற்ற ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடுகளைவிடக் குட்டையாக இருப்பது இதனால்தான். வால் நீண்டிருந்தால் துணையின் பிளேடிலோ தன் மறுகால் பிளேடிலோ மாட்டும். காலணியும் பின்புறம் இளக்கமாக இருக்கும், கணுக்கால் நன்றாக மடிய வேண்டும் என்பதற்காக.

நெருக்கம்தான் அளவுகோல். ஒருவரையொருவர் விட்டு விலகி ஆடினால் மோதும் பயம் இருக்காது. விலகாமல் ஆடுகிறார்களா என்றுதான் நடுவர் பார்ப்பார். பிழை நேர்வதும் பெரும்பாலும் இங்கேதான்: ஒருவரின் சாய்வு மற்றவரின் சாய்வைவிடக் கொஞ்சம் குறைந்தால் இருவரின் வளைவும் வெவ்வேறு அளவாகிவிடும். இரண்டு வளைவும் பிரியத் தொடங்கும். கை இழுபடும். இழுத்த கையைச் சரிசெய்யத் தோள் உயரும். தோள் உயர்ந்தால் எட்ஜ் பிளாட்டாகும். திரையில் நமக்குத் தெரிவது லேசான ஒரு தடுமாற்றம் மட்டுமே.

பரதநாட்டியம் பழகிய பிள்ளைகளுக்கு இதில் பாதி லாபம், பாதி நஷ்டம். தாளக்கட்டும் முட்டி மடித்து வெகுநேரம் நிற்கும் பலமும் ஏற்கெனவே இருக்கும். அரைமண்டியில் இடுப்பு வெளிப்புறம் திறந்து பழகியதால் மோஹாக் சீக்கிரம் வரும். ஆனால் அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் போகும், ஸ்கேட்டிங்கில் முட்டி விரல்களுக்கு நேர் முன்னே மடிய வேண்டும். தட்டடவில் பாதத்தை ஓங்கித் தட்டுவது அழகு. ஐஸில் பாதம் தட்டினால் வேகம் அங்கேயே செத்துவிடும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் மாலையில் சலங்கை கட்டிவிட்டுக் காலையில் ரிங்குக்கு வரும் பிள்ளைக்கு இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

நம் ஆட்டம் ஐஸில் ஏறியதும் உண்டு. 2009–10 பருவத்தில் நாட்டுப்புற நடனம் என்று கருப்பொருள் கொடுத்தபோது, அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் இந்தித் திரையிசைக்கு இந்திய முத்திரைகளோடு ஆடினார்கள். அந்தப் பருவத்தில் வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்கள். 2014இல் சோச்சியில் தங்கம்.

ட்விசில், தூக்கல், மதிப்பெண்

போட்டி இரண்டு பகுதி. முதலாவது ரிதம் டான்ஸ், சுமார் 2 நிமிடம் 50 நொடி. அதற்கான கருப்பொருளை உலக ஸ்கேட்டிங் சங்கம் ஒவ்வொரு பருவத்துக்கும் அறிவிக்கும். 2023–24இல் 1980களின் இசை, 2025–26இல் 1990களின் இசை. இரண்டாவது ஃப்ரீ டான்ஸ், சுமார் 4 நிமிடம். இசையும் கதையும் ஜோடியின் விருப்பம்.

இவற்றுக்குள் கட்டாயமாகச் செய்ய வேண்டிய அங்கங்கள் இருக்கும். பார்க்கப் பழகாதவரும் உடனே கண்டுகொள்ளக்கூடியது ட்விசில்: ஒற்றைக் காலில் பம்பரமாகச் சுழன்றபடியே முன்னால் நகர்ந்துகொண்டும் இருப்பது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில். நகர்வு நின்றுவிட்டால் அது வெறும் சுழல் ஆகிவிடும், அதற்குக் கொடுக்கும் கடின நிலை இறங்கும். கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நுழைவுதான். முந்தைய எட்ஜை முழுதாக முடிக்காமல் அவசரமாகச் சுழலத் தொடங்கினால் உடல் அச்சு சாய்ந்திருக்கும், மூன்றாவது சுற்றில் மறுகால் தரையில் ஊன்றிவிடும். தனியாக ஆடுபவர் தாவலில் தவறினால் பின்னால் இன்னொரு தாவலைச் சேர்த்து ஈடுகட்டப் பார்க்கலாம். ட்விசிலில் ஒருவர் தவறினால், துணை அரை நொடியில் இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விட்டிருப்பார். உலக வீரர்களும் ட்விசிலுக்கு நுழையும்போது முகம் மாறுவதைக் கவனித்துப் பாருங்கள்.

தூக்கலுக்கு உயரக் கட்டுப்பாடு மட்டுமல்ல, நேரக் கட்டுப்பாடும் உண்டு. சாதாரணத் தூக்கல் 7 நொடி, இரண்டை இணைத்தது 12 நொடி. தாண்டினால் 1 மதிப்பெண் போகும். கை தலைக்கு மேலே போக முடியாததால் தொடை, தோள், முதுகு என்று கிடைத்த இடத்தில் துணையைத் தாங்கி, தானும் ஒற்றைக் காலில் வளைந்து ஓட வேண்டும். இதை ஐஸில் நேரடியாகப் பழக மாட்டார்கள். முதலில் மெத்தை விரித்த தரையில், சாதாரணக் காலணியில், நூறு முறை. பிறகுதான் ஐஸ். துணையின் பிளேடு முகத்துக்கு அருகில் சுழலும் விளையாட்டு இது. வெட்டுக் காயம், தோள், கீழ் முதுகு ஆகியவை இந்தத் தொழிலின் வழக்கமான வலிகள்.

மதிப்பெண் முறை வெளியிலிருந்து பார்த்தால் மாயமாகத் தெரியும். உள்ளே இரண்டு குழு வேலை செய்கிறது. தொழில்நுட்பக் குழு ஒன்று, என்ன செய்தார்கள் என்று பெயரிட்டு, தேவைப்பட்டால் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்து, அங்கத்தின் கடின நிலையை முடிவு செய்யும். 4 தான் உச்சம். காலடி வரிசைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நிலை கொடுப்பார்கள். ஒருவர் மற்றவரின் நிழலில் ஒளிய முடியாது. அடுத்து, நடுவர்கள் அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போடுவார்கள். ஒன்பது நடுவர்கள் 2, 3, 3, 3, 3, 3, 4, 3, 1 என்று போட்டால், மிக உயர்ந்த 4ஐயும் மிகத் தாழ்ந்த 1ஐயும் நீக்கிவிட்டு மீதி ஏழின் சராசரியை எடுப்பார்கள்: 20ஐ 7ஆல் வகுத்தால் 2.86. இதோடு ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று பொது மதிப்பெண்கள் சேரும். விழுந்தால் தலைக்கு 1 குறையும்.

6.0 என்ற பழைய உச்சத்தைக் கேள்விப்பட்டவர்கள் இருப்பார்கள். 1984இல் சரயேவோவில் பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டபர் டீன் ஜோடிக்குக் கலை வெளிப்பாட்டில் ஒன்பது நடுவரும் 6.0 போட்டது அந்தக் காலத்து முறை. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவில் வெடித்த நடுவர் ஊழலுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. "ஐஸ் டான்சில் எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்தது" என்ற பேச்சு அந்தக் காலத்தின் எச்சம். இப்போதும் பொது மதிப்பெண்ணில் பெயரும் புகழும் கொஞ்சம் எடை போடுகின்றன என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் எந்த அங்கத்தில் எவ்வளவு போனது என்ற தாள் அன்றே வெளியாகிறது. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கலாம்.

சுருக்கமாக: எவ்வளவு கடினம் என்பதை ஒரு குழு சொல்லும், எவ்வளவு அழகு என்பதை நடுவர்கள் சொல்வார்கள், இரண்டும் கூட்டப்படும்.

ஒரு வீரரின் ஆண்டுகள்

நேராக ஐஸ் டான்சில் தொடங்குபவர் குறைவு. நான்கு முதல் எட்டு வயதுக்குள் சாதாரண வகுப்பு. ஆசியாவின் பேரங்காடி ரிங்குகள் பலவற்றில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று நிலைகள் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். காமாவில் த்ரீ டர்னும் மோஹாக்கும் வந்துவிடும். பெற்றோர் அவசரமாகத் தாண்ட நினைப்பது இந்த நிலையைத்தான். ஐஸ் டான்சுக்குப் போக நினைப்பவர் அதிக நாள் தங்க வேண்டியதும் இங்கேதான்.

பிறகு துணை தேட வேண்டும். பெரும்பாலான பாதைகள் இங்கே முடிந்துவிடுகின்றன. உயரப் பொருத்தம், வயதுப் பொருத்தம், பயிற்சி நேரம், குடும்பங்களின் பண வசதி, எல்லாம் ஒத்துவர வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கடினம் என்றால் மிகையில்லை. எங்கும் ஆண் பிள்ளைகள் குறைவு என்பதால் ஒரு பையனுக்குப் பல பெண்கள் காத்திருப்பார்கள். கனடாவின் டெசா வெர்ச்சூவும் ஸ்காட் மோயரும் 1997இல் ஜோடி சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது. 2010, 2018 ஆகிய இரண்டு ஒலிம்பிக் தங்கமும் அதே ஜோடிக்கு. அண்ணன் தங்கை ஜோடியும் வழக்கம்தான். அமெரிக்காவின் ஷிபுடானி உடன்பிறப்புகள் 2018இல் வெண்கலம் வென்றார்கள்.

அடுத்தது வயது விதி. உலக சங்கத்தின் ஜூனியர் போட்டிகளுக்குக் குறைந்தது 13. சீனியருக்கு முன்பு 15 என்றிருந்தது, 2024–25 முதல் 17. பருவம் ஜூலை 1இல் தொடங்குவதால் அதற்கு முன்பே வயது நிறைந்திருக்க வேண்டும். ஜூன் 29இல் பிறந்தவருக்கும் ஜூலை 3இல் பிறந்தவருக்கும் ஒரு முழு ஆண்டு வித்தியாசம். இங்கே படிவம் 5 மாணவருக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் வரும் வயதும் அதே 17தான். இரண்டும் ஒரே ஆண்டில் வந்து நிற்கும் என்பதைப் படிவம் 3லேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு ஏணி இப்படி: சிறு சர்வதேசப் போட்டிகளில் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணை எட்ட வேண்டும். அதை எட்டினால்தான் ஆசியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஓஷியானியா நாடுகளுக்கான நான்கு கண்டப் போட்டிக்கும் உலகப் போட்டிக்கும் பெயர் கொடுக்க முடியும். ஒலிம்பிக்கில் இடம் இன்னும் குறுகல். 2022 பெய்ஜிங்கில் ஐஸ் டான்சுக்கு 23 ஜோடிகளுக்கே இடம் இருந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத முட்டுக்கட்டை ஒன்று கடவுச்சீட்டு. உலகப் போட்டியில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே நாட்டுக் குடியுரிமை வைத்திருக்க வேண்டும். கனடாவில் பிறந்த டானித் பெல்பின், அமெரிக்காவின் பென் அகஸ்டோவோடு பல ஆண்டு ஆடியும் 2005 இறுதியில் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் 2006 ஒலிம்பிக்கில் ஆட முடிந்தது. வெள்ளி வென்றார்கள். டென்மார்க்குக்கு ஆடிய லாரன்ஸ் ஃபூர்னியே போட்ரிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காததால், அவரும் துணையும் 2018 ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே துணை கிடைக்காமல் வெளிநாட்டில் ஒருவரைத் தேடிப்பிடித்தால், ஒருநாள் இருவரில் ஒருவர் தன் கடவுச்சீட்டையே விட வேண்டிய கேள்வி எழும். பதின்மூன்று வயதில் ஜோடி சேர்க்கும்போதே இரு குடும்பமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

கோலாலம்பூரில் பிறந்த ஜூலியன் யீ 2018 பியோங்சாங்கில் ஆண்கள் தனிப் பிரிவில் ஆடினார். மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது அந்த ஆண்டுதான். தனிப் பிரிவில் ஒருவர் தன் உழைப்போடு வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்து அந்த உயரத்தைத் தொட முடிந்தது. ஐஸ் டான்சில் மலேசிய ஜோடி எதுவும் இதுவரை ஒலிம்பிக் போனதில்லை. அங்கே எல்லாமே இரட்டிப்பு: இரண்டு விமான டிக்கெட், இரண்டு வாடகை. காலணியும் பிளேடும் மட்டுமே ஆளுக்குச் சில ஆயிரம் ரிங்கிட். பரிசுத் தொகை வந்தால் அது மட்டும் பாதியாகப் பிரியும். உச்ச நிலைப் பயிற்சியாளர்கள் கனடாவின் மான்ட்ரியல் போன்ற சில ஊர்களில்தான் குவிந்திருக்கிறார்கள் என்பதால் இடம்பெயர்வு இல்லாமல் முடியாது.

முப்பதுக்குப் பின்

தாவல் இல்லாததன் பலன் இங்கே தெரியும். தனிப் பிரிவில் முட்டியும் கணுக்காலும் இருபதுகளின் நடுவிலேயே மன்றாடத் தொடங்கும். ஐஸ் டான்சில் எட்ஜின் ஆழமும் ஜோடிப் புரிதலும் வயதோடு கூடும். அமெரிக்காவின் மேடிசன் சாக், எவன் பேட்ஸ் ஜோடி முதல் உலகப் பட்டத்தை 2023இல் வென்றபோது பேட்ஸுக்கு 34 வயது. 2024, 2025இலும் அவர்களே. ஜப்பானின் டைசுகே தகாஹாஷி 2010இல் ஆண்கள் தனிப் பிரிவில் ஒலிம்பிக் வெண்கலம் வென்றவர். முப்பதைத் தாண்டிய பிறகு 2020இல் கானா முராமோட்டோவுடன் ஐஸ் டான்சுக்கு மாறி, 2022 நான்கு கண்டப் போட்டியில் வெள்ளி வாங்கினார். எட்ஜைப் பிழைப்பாக வைத்திருந்தவருக்கே அது முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் துணி காலை வாரும் நாளும் உண்டு. 2018 ஒலிம்பிக்கின் முதல் பகுதியில் பிரான்சின் கப்ரியேலா பாபடாகிஸின் உடைக் கொக்கி ஆரம்பத்திலேயே கழன்றது. நிறுத்தாமல் ஆடி முடித்தார்கள், இறுதியில் வெள்ளி. நான்கு ஆண்டு கழித்துப் பெய்ஜிங்கில் அதே ஜோடிக்குத் தங்கம். போட்டி உடையை முழுப் பயிற்சியில், வியர்வையோடு, தூக்கலோடு பலமுறை போட்டுப் பார்ப்பது அலங்காரப் பேச்சு அல்ல, பயிற்சியின் பகுதி.

ஓய்வுக்குப் பின் பலர் பயிற்சியாளராகவோ நடன அமைப்பாளராகவோ போகிறார்கள். சிலர் பனி மேடைக் காட்சிகளில் ஆடுகிறார்கள். அங்கே தலைக்கு மேல் தூக்கவும் தடையில்லை. இன்னும் சிலர் தொழில்நுட்பக் குழுவின் மேசைக்குப் போகிறார்கள். போட்டி முடிந்து ஜோடி மூச்சு வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில், அவர்கள் திரையில் ஒரு பாதத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, எட்ஜ் திருப்பத்துக்கு முன்னால் மாறியதா, பின்னால் மாறியதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.